இரவுச் சத்தம்: காவல்துறையா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா?

சென்னையில் பக்கத்துத் தெருக் கூம்பு ஒலிபெருக்கி உறங்கவிடாதபோது, 100-ஐ அழைப்பதா, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதா என்று பலரும் குழம்புகிறார்கள்.

வேகம்: காவல்துறை அன்றிரவே வரக்கூடும், வாரியத்தின் ஆய்வுக்கு நாள் பிடிக்கும்.

சான்று: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுப்பதால் (அரசு ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம் என்றாலும்), காவலருக்குக் கடிகாரமே போதும். குடியிருப்புப் பகுதிக்குரிய பகல் 55, இரவு 45 டெசிபெல் வரம்பு மீறப்பட்டதைக் காட்டவோ கருவி வைத்து அளந்தாக வேண்டும்; கைப்பேசிச் செயலி காட்டும் எண் வாரியத்திடம் எடுபடுவது அரிது.

பலன்: காவலர் போனதும் சத்தம் திரும்புவதுண்டு, வாரியமோ தொழிற்கூடம் இயங்கத் தான் தரும் அனுமதியான இசைவாணையிலேயே கைவைக்க முடியும்.

ஆகவே திருவிழா, திருமண ஒலிபெருக்கிக்குக் காவல்துறை. நாள்தோறும் உறுமும் பட்டறைக்கும் அதன் ஜெனரேட்டருக்கும் வாரியம்.