கிளிக்கு எதில் செலவு, எதில் சிக்கனம்? கூண்டு, தீனி, காவல்: ஓர் ஒப்பீடு

கிளி வாங்கப் போகிறவர்களில் பலர் பறவைக்குக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கூண்டு என்றதும் பேரம் பேசத் தொடங்குகிறார்கள். அங்கே மிச்சமாகும் பணத்தில் ஊஞ்சல், கண்ணாடி, மணி, வைட்டமின் சொட்டு மருந்து என்று ஒரு பை நிறையச் சாமான் வீட்டுக்கு வருகிறது. என் கணக்கு இதற்கு நேர்மாறு: கூண்டில் தாராளம், தீனியில் நிதானம், விளையாட்டுச் சாமானில் கஞ்சத்தனம். தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் காணப்படும் பட்ஜீஸ் (கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்றே விற்கப்படுபவை), காக்டெய்ல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், சிறிய வகைக் கானூர் ஆகியவற்றை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பச்சைக்கிளியா, வெளிநாட்டுக் கிளியா?

இதில் ஒப்பிட அதிகம் இல்லை. கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள நம் பச்சைக்கிளியையோ, அதைவிடப் பெரிய பச்சைக்கிளியையோ வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது இவை பாதுகாக்கப்படும் உயிரினங்களுக்கான இரண்டாம் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பகுதியில் வேட்பாளர் ஒருவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த ஜோதிடக் கிளிகளை வனத்துறை கைப்பற்றியது பலருக்கும் நினைவிருக்கும். ‘எங்கள் தாத்தா காலத்திலிருந்தே வளர்க்கிறோம்’ என்பது சட்டத்தின் முன் எடுபடாது. கூட்டிலிருந்து பிடிக்கப்படும் குஞ்சுகளில் எத்தனையோ விற்பனைக்கு வருமுன்பே இறந்துபோகின்றன என்பது சட்டத்தைவிடப் பெரிய காரணம்.

வெளிநாட்டு இனங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பட்ஜீஸ், காக்டெய்ல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸில் ஒரு வகையான ரோஜா முக லவ் பேர்ட் ஆகிய மூன்றும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இல்லை. சன் கானூர் அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 2017 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் உள்ள பறவைகளை வைத்திருப்போர் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்துவிட்டன. ஆகவே கானூர் வாங்கும்போது விற்பவரிடம் ரசீதும் பதிவு விவரமும் கேளுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்று சிரிப்பவரிடம் வாங்க வேண்டாம். முதன்முறையாக வளர்ப்பவருக்கு என் தேர்வு காக்டெய்ல் அல்லது ஒரு ஜோடி பட்ஜீஸ். சன் கானூர் அழகுதான். ஆனால் அதன் கத்தல் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு உறவைச் சோதித்துவிடும்.

வட்டக் கூண்டா, பெட்டிக் கூண்டா?

கோபுரம் வைத்த வட்டக் கூண்டு வரவேற்பறைக்கு அலங்காரம், பறவைக்குத் தொல்லை. மேலே கம்பிகள் நெருங்கிக் கூடும் இடத்தில் கால்விரல் சிக்கும். ஒதுங்கி உட்கார ஒரு மூலை கிடையாது. உயரம் இருக்கும், நீளம் இருக்காது. கிளி கிடைமட்டமாகப் பறக்கும் பறவை என்பதால் அதற்கு நீளம்தான் முக்கியம். ஒரு ஜோடி பட்ஜீஸுக்குக் குறைந்தது 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் வேண்டும். காக்டெய்லுக்கு அதைவிடப் பெரியது. கம்பி இடைவெளி பட்ஜீஸுக்கு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும்.

பெட்டிக் கூண்டு என்று முடிவானதும் அடுத்த போட்டி உலோகத்தில் வருகிறது. ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷில் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிவலை) உள்ளூர்ப் பட்டறையில் அடித்து வாங்கும் கூண்டு, அதே விலையுள்ள கடைக் கூண்டைவிடப் பெரியதாகக் கிடைக்கும். பறவைப் பண்ணைக்காரர்கள் பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரே ஆபத்து துத்தநாகப் பூச்சு. புதுக் கம்பியில் திரண்டு நிற்கும் துளிகளையும் வெள்ளைப் பொடியையும் கிளி கொறித்து விழுங்கினால் துத்தநாக விஷம் ஏறி, வாந்தி, சோர்வு, சில சமயம் சாவு. வினிகர் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, பலமுறை கழுவி, வெயிலில் காயவைத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். முழுவதும் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். பௌடர் கோட்டிங் (பொடிப் பூச்சைச் சூடேற்றி ஒட்டவைத்த) கூண்டு பார்க்க நன்றாக இருக்கும், சுத்தம் செய்வதும் எளிது. ஆனால் மலிவான கோட்டிங்கைக் கானூர் அலகால் உரித்துவிடும். எவர்சில்வர் கூண்டு விலை அதிகம், ஒருமுறை வாங்கினால் போதும்.

பட்ஜீஸுக்கும் காக்டெய்லுக்கும், தேய்த்துக் கழுவிய பெரிய வெல்டு மெஷ் கூண்டு அழகான சின்னக் கூண்டைவிட மேல். கானூர் என்றால் பணத்தைச் சேர்த்து வைத்து எவர்சில்வருக்கே போய்விடுங்கள். கம்பியைக் கடிப்பதே அதன் முழுநேர வேலை.

தினையா, சூரியகாந்தியா, பெல்லட்டா?

கிளி வளர்ப்பவர்கள் நடுவே ஓயாத சண்டை இதுதான். மூன்று கட்சிகளிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

தினைக் கட்சியிலிருந்து தொடங்குவோம். பட்ஜீஸ் ஆஸ்திரேலியப் புல்வெளிப் பறவை. புல்விதைதான் அதன் இயற்கை உணவு. நம் ஊரில் தினை எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. நூறு கிராம் தினையில் சுமார் 12 கிராம் புரதம், 4 கிராம் கொழுப்பு. சிறிய பறவைக்கு இது நியாயமான அளவு. குறை என்னவென்றால், எந்த விதையிலும் வைட்டமின் ஏ-யும் கால்சியமும் போதாது. தினை மட்டுமே தின்று வளரும் பறவை வெளியே கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே வைட்டமின் ஏ பற்றாக்குறையால் மூக்கு, தொண்டைச் சவ்வுகள் தடித்து, அடிக்கடி சளி பிடிக்கும். பெட்டைக்குக் கால்சியம் இல்லாமல் முட்டை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். இன்னொரு விஷயத்தை எல்லோரிடமும் சொல்லத் தோன்றுகிறது: கிளி உமியை உரித்துக் கிண்ணத்திலேயே போட்டுவிடும். கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று நாம் விட்டுவிடுவோம், பறவை பட்டினி கிடக்கும். காலையும் மாலையும் ஊதிப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

சூரியகாந்திக் கலவைதான் கடைகளில் பெரிய கிளிகளுக்கான தீனி என்று விற்கப்படுகிறது. அதன் பருப்பின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட கொழுப்பு. பறவை கலவையில் அதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைக் கீழே தள்ளும். நாள் முழுவதும் கூண்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு இது கல்லீரலில் கொழுப்பு சேர நேர்வழி. சூரியகாந்தியை ஒழிக்க வேண்டியதில்லை. கையில் வந்து உட்காரப் பழக்கும்போது ஒவ்வொன்றாகக் கொடுக்க இதைவிட நல்ல லஞ்சம் கிடையாது. கிண்ணத்தில் மட்டும் கொட்ட வேண்டாம். நிலக்கடலை இன்னும் ஒரு படி மோசம், பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும்.

பெல்லட் என்பது ஆலையில் உருண்டையாக்கிய தீனி, பொறுக்கித் தின்ன இடம் தராத உணவு. ஒவ்வொரு உருண்டையிலும் எல்லாச் சத்தும் கலந்திருக்கும். கானூர், சாம்பல் கிளி போன்றவற்றுக்குப் பறவை மருத்துவர்கள் பலர் இதையே முதன்மை உணவாகப் பரிந்துரைக்கிறார்கள். என் தயக்கம் பெல்லட்டின் மீதல்ல, அது நம் கைக்கு வந்து சேரும் விதத்தின் மீது. பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. கடைக்காரர் பெரிய மூட்டையைப் பிரித்து, தேதி இல்லாத கவரில் கால் கிலோவாகக் கட்டி விற்பார். சென்னை ஈரப்பதத்தில் அது எத்தனை மாதம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. மூடி முத்திரையிட்ட, தேதி அச்சிட்ட பாக்கெட் கிடைத்தால் வாங்குங்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக மின்னும் வகையில் சாயமும் பெரும்பாலும் சர்க்கரையும் சேர்ந்திருக்கும். வண்ணமற்ற பழுப்பு வகையே நல்லது. அதோடு, விதை தின்றே வளர்ந்த பட்ஜீஸ் பெல்லட்டை உணவென்றே அறியாது. ஒரே நாளில் விதையை நிறுத்தினால் பட்டினியால் செத்துவிடும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாக மாற்றி, தினமும் எடை பார்க்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றத்தை நிறுத்திவிட்டுப் பழைய தீனிக்கே திரும்புங்கள்.

இந்த மூவரின் சண்டையில் நான்காவது ஆளை மறந்துவிடுகிறோம்: நம் சமையலறை. முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கரோட்டினும் உண்டு, கால்சியமும் உண்டு. விதையில் இல்லாத இரண்டும் ஒரே இணுக்கில் கிடைக்கின்றன. ஈரத்தோடு கொத்தாகத் தொங்கவிட்டால் பட்ஜீஸ் அதில் உருண்டு குளித்துக்கொண்டே தின்னும். கொத்தமல்லி, துருவிய கேரட், மஞ்சள் பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பிஞ்சுச் சோளம், முளைகட்டிய பாசிப்பயறு, முளைவிட்ட தினை எல்லாமே நல்லவை. பசலையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் எப்போதாவது போதும். கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம், நன்றாக அலசுங்கள். கோடையில் வெட்டி வைத்த காயையும் முளைப்பயற்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் கூடவே கூடாது. மிக்சர், முறுக்கு கொடுப்பதும் பாசம் அல்ல. நாற்பது கிராம்கூட இல்லாத பட்ஜீஸ் உடம்புக்கு அந்த உப்பு மிக அதிகம்.

என் தீர்ப்பு இது. பட்ஜீஸுக்கும் காக்டெய்லுக்கும் தினை, சாமை, கம்புக் கலவை பாதி, மீதியில் கீரையும் காயும், ஏற்றுக்கொண்டால் பெல்லட்டும். கானூருக்குப் பெல்லட் முதன்மை, காய் கனி துணை, விதை பரிசு.

கால்சியத்துக்குக் கணவாய் ஓடு போதும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் தருவார்கள். கழுவிக் காயவைத்துக் கம்பியில் கட்டுங்கள். தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு இதற்கு ஈடாகாது. வெளிச்சத்தில் சத்து கெடும், தண்ணீரில் கிருமி பெருகும், சுவை மாறியதால் பறவை குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். மணல், கல் பொடி வேண்டவே வேண்டாம். கிளி உமி நீக்கித் தின்னும் பறவை, புறாவைப் போல அரைவைக்குக் கல் தேவைப்படுவதில்லை.

குச்சியும் பொம்மையும்

கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியில் நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து பாதத்தில் புண் வரும். கொய்யா, வேப்பங்கிளைகளைத் தடிமன் மாறி மாறி வருமாறு வெட்டிக் கழுவி மாட்டினால் செலவே இல்லை. அரளி நஞ்சு, அதைத் தொடாதீர்கள். நகம் தேயும் என்று விற்கும் மணல்தாள் உறை நகத்தைத் தேய்ப்பதற்கு முன் பாதத்தைத் தேய்த்துவிடும். பொம்மைக்குத் தென்னங்கீற்று, கொட்டாங்குச்சி, சாயமில்லாத காகிதம் போதும்; கிழிப்பதில்தான் கிளிக்கு ஆனந்தம். கண்ணாடி வேண்டாம் என்பேன். தனியாக இருக்கும் ஆண் பட்ஜீஸ் அதைத் துணை என்று நினைத்து, தின்றதையெல்லாம் கக்கி அதற்கு ஊட்டிக்கொண்டிருக்கும்.

இறகு வெட்டுவதா, பறக்க விடுவதா?

வெட்டச் சொல்பவர்கள் சொல்லும் காரணம் மின்விசிறி. அது உண்மையான காரணம்தான். ஓடும் விசிறி, திறந்த குழம்புப் பாத்திரம், திறந்த ஜன்னல் என்று நம் வீடுகளில் பறக்கும் பறவைக்கு எமன்கள் அதிகம். ஆனாலும் என் ஓட்டு பறப்பதற்கே. பறக்காத பறவைக்கு மார்புத்தசை தளர்கிறது, உடம்பில் கொழுப்பு ஏறுகிறது, விழுந்தால் மார்பெலும்பு அடிபடுகிறது. வெட்டுவது உத்தரவாதமும் இல்லை: இறகு உதிர்ந்து முளைக்கும்போது சொல்லிக்கொண்டு முளைப்பதில்லை, வெட்டிய பறவையும் மாடிக் காற்றில் மிதந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஓர் அறையை ஒதுக்கி, ஜன்னலுக்கு வலையடித்து, விசிறி சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டுத் திறந்துவிடுங்கள். சின்னக் குழந்தைகள் அங்குமிங்கும் ஓடி சுவிட்சைத் தட்டும் வீடென்றால், தனி அறை கிடைக்காவிட்டால், அங்கே மட்டும் மருத்துவர் கையால் அளவாக வெட்டுவதை ஒப்புக்கொள்வேன்.

கொசுவத்தியா, வலையா?

இதில் சமரசமே இல்லை, வலைதான். பறவையின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் சேர்ந்து இயங்குவதால் நச்சுப் புகை நம்மைவிட வேகமாக அதைத் தாக்கும். கொசுவத்தி, சாம்பிராணி, கற்பூரம், வாசனை ஸ்பிரே எதுவும் கூண்டு இருக்கும் அறையில் கூடாது. அதற்காகக் கொசுவை விட்டுவிடவும் முடியாது. பறவை அம்மையைப் பரப்புவது அதுதான். கூண்டின் மேல் மெல்லிய கொசுவலையைப் போர்த்துங்கள். நான்-ஸ்டிக் தவாவை வெறுமனே அடுப்பில் மறந்துவிட்டால் அதன் பூச்சு அளவுக்கு மீறிச் சூடேறி வரும் புகையில் பக்கத்து அறைக் கிளியும் நிமிடங்களில் இறந்துவிடும். கிளி உள்ள வீட்டுக்கு இரும்புத் தோசைக்கல்லே பாதுகாப்பு.

டானிக்கா, தராசா?

கடையில் விற்கும் டானிக், ஆன்டிபயாடிக் பொடிகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு கிராம் துல்லியம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிவிடலாம். கிளி நோயைக் கடைசிவரை மறைக்கும் பறவை. சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும்போது பெரும்பாலும் நிலைமை முற்றியிருக்கும். எடை அதற்கு முன்பே இறங்கத் தொடங்கும். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். புதிதாக வாங்கிய பறவையைக் குறைந்தது முப்பது நாள் வேறு அறையில் வைத்த பிறகே பழைய பறவையோடு சேர்க்க வேண்டும். கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ் எச்சத்தூசி வழியாக மனிதருக்கும் பரவும். கூண்டைத் துடைக்கும்போது முதலில் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பறவை பார்க்கும் மருத்துவரை நோய் வந்த பிறகு தேடினால் கிடைப்பது கடினம். நாய், பூனை பார்க்கும் மருத்துவர்கள் எல்லோரும் கிளியைத் தொடுவதில்லை. பறவை வாங்கும் வாரத்திலேயே அருகில் யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும்போது சிறிய பெட்டியில் வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள்; வழியில் அதில் விழும் புது எச்சத்தைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.