துப்பாக்கிப் பெட்டகத்துக்கு ஓர் ஈரமுறிஞ்சி: முட்டம் கடற்கரை வீட்டில் ஓராண்டுப் பயன்பாடு

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் குமரி மாவட்டத்து முட்டம் வீட்டில், உரிமம் பெற்ற, பன்னிரண்டு ‘போர்’ (bore) குழலளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று உள்ளது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் காவலுக்காக அப்பா வாங்கியது, பின்னர் என் உரிமத்துக்கு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலை முன்னிட்டு ஒப்படைத்திருந்த அதை ஜூன் மாதம் திரும்பப் பெற்று, பஞ்சு வைத்த துணியுறையோடு அப்படியே இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து ஆவணியில் திறந்தபோது, குழலில் நான் பிடித்த இடத்தில் விரல் தடங்களின் வடிவிலேயே செந்துரு படர்ந்திருந்தது. அப்பா வாரந்தோறும் எண்ணெய்த் துணியால் துடைத்துக் காத்த பொருள் அது. அந்த வேதனையில்தான் ஈரமுறிஞ்சிகளைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது, துணி அலமாரிகளில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா. அது ஈரத்தை நன்றாகவே இழுக்கிறது. ஆனால் இழுத்த ஈரம் உப்புநீராகக் கீழ்த்தட்டில் தேங்குகிறது. ஒருமுறை அந்த டப்பா சாய்ந்து பெட்டகத்தின் அடித்தகடு நனைந்தது. இரும்பை அரிப்பதில் கடல்நீருக்குச் சற்றும் குறையாத திரவத்தைத் துப்பாக்கியின் அருகில் வைப்பது தவறு என்று அன்றே புரிந்தது.

மின்சாரத்தில் இளஞ்சூடாக இருக்கும் தண்டு ஒன்றும் விற்கப்படுகிறது. அது நீரை அகற்றுவதில்லை, காற்றைச் சூடாக்கி ஒப்பு ஈரப்பதத்தை (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் விழுக்காட்டை) மட்டும் குறைக்கிறது. 30 டிகிரியில் 85 விழுக்காடாக இருக்கும் காற்றை 3 டிகிரி சூடாக்கினால் ஏறத்தாழ 72-க்குத்தான் இறங்கும். நான் இலக்காகக் கொண்ட 50-க்குக் கொண்டுவர 10 டிகிரி சூடு தேவை. குளிர்நாட்டுக்குப் பொருந்தும் இம்முறை நம் கடற்கரைக்குப் போதாது என்று கருதி அதை வாங்கவில்லை.

இறுதியில் தேர்ந்தது, பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கும், மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க சிலிக்கா ஜெல் பெட்டி. செங்கல் அளவு பிளாஸ்டிக் பெட்டி, முகப்பில் சிறு கண்ணாடிச் சாளரம், பின்புறம் மின்செருகி, அவ்வளவுதான். மணிகள் காய்ந்திருக்கும்போது ஆரஞ்சு நிறமாகவும், ஈரம் நிறைந்தபின் கரும்பச்சையாகவும் தெரியும். நிறம் மாறியதும் வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் மின்னிணைப்பில் வைத்தால் உள்ளிருக்கும் கம்பி சூடாகி ஈரத்தை வெளியேற்றிவிடும். பெட்டகத்துக்குள்ளேயே செருகிவிடக் கூடாது. உறிஞ்சிய நீரெல்லாம் துப்பாக்கிக்கே திரும்பும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் உதிரி மணிகள் விலை குறைவு என்றாலும், அவற்றின் நிறத்துக்குக் கோபால்ட் குளோரைடு சேர்க்கப்படுகிறது. ஐரோப்பாவில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்ட ஒன்றை, ஈரம் போகக் காயவைப்பதற்காகச் சமையல் சட்டியில் வறுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் அனுபவம் ஏமாற்றமாகவே இருந்தது. ஒன்பதாம் நாளே மணிகள் பச்சையாகிவிட்டன. பொருளையே குறை சொல்லத் தோன்றிய அந்த நேரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பெட்டகத்தின் உட்கொள்ளளவு 250 லிட்டர். 30 டிகிரியில், 85 விழுக்காட்டில், அவ்வளவு காற்றில் இருக்கும் நீராவி 6.5 கிராம் அளவே. அதை 50-க்குக் குறைக்க 3 கிராம் நீரைக்கூட உறிஞ்ச வேண்டியதில்லை. அப்படியானால் அரைக் கிலோ மணிகளை நிறைத்த நீர் பெட்டகக் காற்றிலிருந்து வந்ததல்ல. கதவின் அடியிலிருந்த இடைவெளி, தரையில் முடுக்குவதற்கான போல்ட் துளைகள், ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டியிருந்த கம்பளம், அந்தப் பஞ்சு உறை ஆகியவையே ஊற்றுகள். துளைகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்து, கதவோரம் ரப்பர் பட்டை ஒட்டி, கம்பளத்தை வெயிலில் காயவைத்து, உறையை வெளியேற்றினேன். அதன்பின் மழைக்காலத்தில் ஐந்து வாரமும் பங்குனி, சித்திரையில் இரண்டு மாதத்துக்கு மேலும், ஒருமுறை காயவைத்ததே தாங்குகிறது. முன்பு 82 காட்டிய ஈரப்பதமானி இப்போது 48-க்கும் 54-க்கும் இடையில் நிற்கிறது. 40-க்குக் கீழே போக விடுவதும் நல்லதல்ல, துப்பாக்கியின் மரக்கட்டைப் பகுதி சுருங்கி வெடிக்கக்கூடும்.

ஈரப்பதமானி இப்பெட்டியோடு வருவதில்லை, தனியே வாங்க வேண்டும்; வாங்கியதும் சோதிக்கவும் வேண்டும். ஒரு மூடியில் உப்பை எடுத்துச் சேறு போல நனைத்து, மானியோடு காற்றுப் புகாத உறையில் ஒரு பகல் வைத்தால் அது 75 காட்ட வேண்டும். இதற்கு எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு உதவாது, தூய தூளுப்பே வேண்டும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு மேலும் ஈரத்தை இழுத்து அளவைக் குறைத்துக் காட்டிவிடும்.

கடற்கரைக்காரர்கள் அனைவரும் நினைவில் வைக்க வேண்டிய செய்தியும் இதில்தான் இருக்கிறது. தூய சோற்றுப்பு 75 விழுக்காட்டில்தான் கசியும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசிந்து நீராகும். நம் வீட்டுச் சன்னல் கம்பியில் படியும் அதே கடலுப்பு குழலிலும் படிந்திருந்தால், 50 விழுக்காட்டுக் காற்றிலும் அந்த இடம் நனைந்தே இருக்கும். ஆகவே எந்தப் பெட்டி வாங்கினாலும், துப்பாக்கியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் வியர்வையும் உப்பும் போகத் துடைத்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் பூசிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வீட்டில் தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பூச வேண்டாம். அது நாளடைவில் பிசுபிசுப்பாகி அழுக்கைப் பிடித்து வைக்கும்.

குறைகளும் உண்டு. எனக்கு வந்த பெட்டியின் செருகி தட்டை முனை கொண்டது, நம் வீட்டுப் பிளக்கில் நேரடியாகப் பொருந்தாததால் அடாப்டர் வாங்க நேர்ந்தது. சாளரம் மிகச் சிறியது, டார்ச் அடித்துத்தான் நிறம் பார்க்க முடிகிறது. பெட்டி காய்ந்துகொண்டிருக்கும் பன்னிரண்டு மணி நேரம் பெட்டகம் ஈரமுறிஞ்சியின்றி இருப்பதால், இரண்டு வாங்கி மாற்றி மாற்றி வைப்பதே சரி. இந்த ஐப்பசி அடைமழைக்கு முன் இரண்டாவதையும் வாங்கிவிட்டேன். குழலில் பழைய தழும்பைத் தவிரப் புதிய துரு ஒரு புள்ளியும் இல்லை.