பிளஸ் டூ ஆங்கிலம்: டியூஷனா, பேப்பரா, ரேடியோவா, பாட்காஸ்ட்டா?

என் மகளும் அக்கா மகனும் ஒரே வருஷம் பிளஸ் டூ. மகள் புதுச்சேரியில் அரசுப் பள்ளி, அவன் கடலூரில். நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் இவளுக்கு சிபிஎஸ்இ, அவனுக்கு மாநிலப் பாடத்திட்டம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2025இல்தான் முதன்முதலாக சிபிஎஸ்இ பிளஸ் டூ தேர்வு எழுதின, அதுவரைக்கும் ரெண்டு ஊருக்கும் ஒரே கேள்வித்தாள். அதனால் இங்கே அண்ணன்களும் அக்காக்களும் வைத்திருந்த பழைய நோட்டை வாங்கிப் படிக்கிற வழி அடைபட்டுப் போனது, பெற்றோர் நாங்களும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆறேழு மாதமாக ரெண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததில், கேட்பதற்கும் படிப்பதற்கும் எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் கணக்கு. சிபிஎஸ்இ இங்கிலீஷ் கோரில் எழுத்துத் தேர்வு 80, பள்ளியிலேயே போடும் அகமதிப்பீடு 20. அந்த 80இல் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 22. அதற்கு முன் கண்ணிலேயே பட்டிராத ரெண்டு பத்திகள், ரெண்டும் சேர்ந்து 700, 750 சொற்கள், அதில் ஒன்றில் அட்டவணையோ வரைபடமோ இருக்கும். அகமதிப்பீட்டில் கேட்டலுக்கு 5, பேசுவதற்கு 5, ப்ராஜெக்டுக்கு 10. மாநிலப் பாடத்திட்டத்தில் தாள் 90, அகமதிப்பீடு 10. பாடப் புத்தகத்திலிருந்து வருவதுதான் அங்கே அதிகம், பார்க்காத பத்தியும் குறிப்பெடுத்தலும் கடைசிப் பகுதியில் வரும், தாளில் கேட்டல் என்று எதுவும் கிடையாது.

இதைச் சொன்னதும் அவன் கேட்டான், "மாமா, எனக்குத் தாளில் லிசனிங்கே இல்லையே, நான் எதுக்குக் காதைக் கொடுக்கணும்?" நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை, இப்போது இருக்கிறது, அது கீழே வரும்.

டியூஷனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறோம். அக்கா மகன் போன இடத்தில் ஆசிரியர் அக்கறையானவர்தான், பாடக் கேள்விகளுக்கு விடை எழுதப் பழக்குவதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பத்தி வாசிப்பு என்று வந்தால் அவர் பத்தியை உரக்கப் படித்து, வரிக்கு வரி தமிழில் சொல்லி, விடை எந்த வரியில் இருக்கிறது என்று அடிக்கோடும் போட்டுக் கொடுத்துவிடுவார். நாற்பது பத்தி முடித்தாயிற்று என்று நோட்டு சொல்லும், உண்மையில் நாற்பதையும் படித்தது அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தபோது, பையன் முதல் வரியிலேயே தெரியாத ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். பாட விடைகளுக்கு டியூஷன் வேண்டும், அதை விடச் சொல்லவில்லை, ஆனால் வாசிக்கும் பழக்கம் அங்கே கிடைக்கும் என்று நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது பேப்பர். "தினமும் ஹிந்து படி, இங்கிலீஷ் தானா வரும்" என்று நம் ஊரில் சொல்லாத பெரியவர் கிடையாது. நானும் வாங்கிப் போட்டேன். தலையங்கப் பக்கத்தைக் கொடுத்தது என் தவறு. அது ஏற்கெனவே நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான பக்கம், மகள் ரெண்டு வாரத்தில் பேப்பரைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள். அப்புறம் வேறு மாதிரி செய்தோம். காலையில் தமிழ்ப் பேப்பரில் உள்ளூர்ச் செய்தி ஒன்றைப் படிக்க வேண்டியது, அதே செய்தி ஆங்கிலப் பேப்பரின் புதுச்சேரிப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் படிக்க வேண்டியது. குபேர் மார்க்கெட் விஷயமோ, புயல் எச்சரிக்கையோ, கடல் அரிப்போ, சங்கதி ஏற்கெனவே தெரிந்திருப்பதால் தெரியாத சொல் வந்தாலும் மிரட்டுவதில்லை, அகராதி எடுக்காமலே பாதி அர்த்தம் பிடிபட்டுவிடுகிறது. தேர்வுக்கு வேண்டியதும் இதே துணிவுதான். பேப்பருக்கு என் மதிப்பீடு: ஆறு மாதம் கையில் இருந்தால் அருமை, ஆறு வாரம்தான் என்றால் பலன் கண்ணுக்குத் தெரியாது. வாங்க வசதி இல்லையென்றால் கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, இங்கே 1827இலிருந்து நடக்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. ஒரு வாரம் அங்கே உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குப் பேப்பரோடு வேறு பழக்கங்களும் ஒட்டிக்கொள்ளும்.

பேப்பருக்குக் காது கிடையாது என்பதுதான் அதன் குறை. அதற்கு ரேடியோவைக் கொண்டுவந்தேன், வானொலியின் ஆங்கிலச் செய்தி. நிதானமான வாசிப்பு, நம் நாட்டு உச்சரிப்பு, ஊர்ப் பெயர்களும் ஆட்கள் பெயர்களும் தெரிந்தவை. ரேடியோவில் போனது போனதுதான், திருப்பிக் கேட்க முடியாது. நல்ல பிள்ளைக்கு அதுவே பயிற்சி, தடுமாறுகிற பிள்ளைக்கு அது வெறும் சத்தம். என் மகளுக்கு முதல் மாதம் வெறும் சத்தமாகத்தான் இருந்தது.

சினிமா, சீரியல் பார்த்துக் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் தமிழ் எழுத்து ஓடினால் காது தூங்கிவிடும், கண் மட்டும் வேலை செய்யும். இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. 2009இல் ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் என்கிற ரெண்டு ஆய்வாளர்கள் டச்சு மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் காட்சிகளைப் போட்டுக் காட்டிப் பார்த்தார்கள். அடியில் ஆங்கில எழுத்து ஓடினபோது அந்த உச்சரிப்பு காதுக்குப் பிடிபட உதவியது, டச்சு எழுத்து ஓடினபோது புதிய சொற்களைப் பிடிப்பது கெட்டுப்போனது. அதனால் பிள்ளைகள் படம் பார்த்தே தீருவோம் என்றால் ஆங்கில எழுத்தோடு பார்க்கட்டும், ஆனால் ரெண்டரை மணி நேரப் படத்தில் பாதி நேரம் சண்டையும் இசையும்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எங்களுக்கு உண்மையில் கதவைத் திறந்துவிட்டது பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் சின்ன ஒலிப்பதிவுகள். பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் அந்த மாதிரி. ஆறு நிமிடம், ரெண்டு பேர் பேசுவார்கள், ஆரம்பத்தில் ஒரு கேள்வி கேட்டுக் கடைசியில் விடை சொல்வார்கள், நடுவில் ஆறு சொற்களை விளக்குவார்கள், பேசியது முழுவதும் அவர்கள் தளத்திலேயே எழுத்தில் கிடைக்கும். பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலீஷ் தளத்தில் ஏ1 என்கிற ஆரம்ப நிலை முதல் சி1 என்கிற உயர்நிலை வரை படிப்படியாகப் பிரித்து, கேள்விகளோடும் எழுத்து வடிவத்தோடும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நடுவில் இருக்கும் பி1-இல் ஆரம்பித்தோம். ரெண்டில் எது என்றால், தேர்வுக்குப் பிரிட்டிஷ் கவுன்சில் ஒரு படி மேல், ஏனென்றால் கேட்டுக்கொண்டே தாளில் நிரப்புகிற பழக்கம் அதில்தான் வருகிறது. சலிக்காமல் தினம் கேட்க வைப்பதில் பிபிசி முந்திவிடும்.

மொட்டை மாடியில் ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். மகள் ஒரு காதில் இயர்போன், மடியில் ரஃப் நோட்டு. எழுத்தைப் பார்க்காமல் கேட்டதைக் கேட்டபடி எழுது என்று சொல்லியிருந்தேன். ஒரு வரியில் ஒலிப்பதிவில் பேசுகிற ஆள் 'நாட் அட் ஆல் வொரீட்' என்கிறார், கொஞ்சமும் கவலைப்படவில்லை என்று அர்த்தம். இவள் எழுதியிருந்தது 'நாட் டால் வொரீட்'. மூன்று தடவை திருப்பிக் கேட்டும் அதேதான். "உயரமா இல்லாததுக்கும் கவலைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று கேட்டாள். அப்புறம் எழுத்து வடிவத்தைத் திறந்து காட்டினேன். இந்த மூன்று சொல்லும் இவளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே தெரியும்! தாளில் பார்த்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். பேசும்போது முந்திய சொல்லின் கடைசி மெய், அடுத்த சொல்லின் முதல் உயிரோடு ஒட்டிக்கொண்டு 'நாட்டட்டால்' என்று ஒரே மூச்சில் போய்விடுகிறது. பால் கூட ஆடை சேர்ந்தால் பாலாடை ஆகிற மாதிரிதான் இது, நம் தமிழ் வகுப்புப் புணர்ச்சியேதான், ஆங்கிலக்காரர்கள் அதை எழுத்தில் காட்ட மாட்டார்கள், வாயில் மட்டும் செய்வார்கள். இதைச் சொன்னதும் அவள் முகம் மாறிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எழுத்து வடிவத்தில் அப்படி ஒட்டுகிற இடங்களுக்கெல்லாம் பென்சிலால் வளைவு போட ஆரம்பித்தாள், ஒரு பக்கத்தில் முப்பது நாற்பது வளைவு விழுந்தது.

இன்னும் ரெண்டு கண்ணி இருக்கிறது, நம் பிள்ளைகள் தவறாமல் மாட்டுவது. பதின்மூன்றும் முப்பதும்: 'தர்ட்டீன்' என்றால் அழுத்தம் பின்னால் விழும், 'தர்ட்டி' என்றால் முன்னால் விழும், எண் கேட்கிற கேள்வியில் வித்தியாசமே அவ்வளவுதான். அப்புறம் தலையில் போடும் கேப்பும் வாடகைக்குப் பிடிக்கும் கேப்பும். தமிழில் ரெண்டுக்கும் ஒரே 'ப்', ஆங்கிலத்தில் வண்டியைச் சொல்லும்போது நடுவில் இருக்கும் உயிர் கொஞ்சம் நீளும். கடைசி எழுத்தைப் பிடிக்கப் பார்த்தால் நழுவிவிடும், நீளத்தைப் பிடித்தால் வந்துவிடும்.

ஆறு நிமிட ஒலிப்பதிவுக்கு எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். முதல் தடவை சும்மா கேட்பது, ரெண்டாவது தடவை சாரத்தை நாலு வரி எழுதுவது, மூன்றாவது எழுத்தைப் பார்த்துக்கொண்டே பென்சிலோடு கேட்பது, கடைசியாக எழுத்தை மூடிவைத்துவிட்டுத் திரும்ப ஒரு தடவை. நாலாவது தடவையை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். காது திறக்கிறதே அந்த நாலாவதில்தான்.

இனி கடலூர்ப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 750 சொற்களை நிமிடத்துக்கு 150 சொல் என்கிற பேச்சு வேகத்தில் படித்தால் அஞ்சு நிமிடம். அவன் உதட்டை அசைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் படித்ததில் அதே அளவு பத்திக்குப் பதினொரு நிமிடம் ஆனது, நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்கும்போது ஒலி அவனுக்காகக் காத்திருக்காது, கண் பின்னாலேயே ஓடியாக வேண்டும், சொல்லில் நின்றுகொண்டிருந்த பையன் சொற்களைக் கொத்துக்கொத்தாகப் பார்க்கப் பழகிக்கொண்டான். ரெண்டு மாதத்தில் பதினொன்று ஏழானது. கேட்டலுக்குத் தாளில் மார்க் இல்லாவிட்டாலும் மிச்சமான அந்த நாலு நிமிடம் அவனுடையதுதான்.

கதைப் புத்தகம் பிடிக்கும் பிள்ளையாக இருந்தால் லிப்ரிவாக்ஸும் உண்டு, பதிப்புரிமை முடிந்த பழைய புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். மொழி பழசு, தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது நான் அதைச் சொல்ல மாட்டேன், பிளஸ் ஒன் லீவுக்கு நல்லது.

மாதிரி வினாத்தாள்களையும் சொல்ல வேண்டும். சிபிஎஸ்இ தன் தளத்தில் ஒவ்வொரு வருஷமும் மாதிரித் தாளை மதிப்பெண் வழங்கும் முறையோடு போடுகிறது. மகள் மதிப்பெண் இழந்த இடத்தைக் கண்டுபிடித்ததே அதில்தான். அட்டவணைக்கு மேலே சின்ன எழுத்தில் 'ஆயிரங்களில்' என்று இருந்ததைப் பார்க்காமல் 45 ஆயிரத்தை வெறும் 45 என்று எழுதியிருந்தாள், இங்கிலீஷ் தெரியாததால் போன மார்க் இல்லை அது. இப்போது தலைப்பு, அலகு, வருஷம் மூன்றையும் வட்டமிட்டுவிட்டுத்தான் பத்திக்குள் போகிறாள். கேள்வியை முதலில் படிப்பதா பத்தியை முதலில் படிப்பதா என்று ரெண்டு கட்சி உண்டு. என் பிள்ளைகளுக்குப் பத்தியை ஒரு தடவை வேகமாக ஓட்டிவிட்டுக் கேள்விக்குப் போவதுதான் சரிப்பட்டது, கேள்வியை முதலில் பார்த்தால் விடையைத் தேடுகிற அவசரத்தில் பத்தி என்ன சொல்கிறது என்பதே தவறிவிடுகிறது. வாரம் ஒரு தாளுக்கு மேல் வேண்டாம். தாள் அளந்து காட்டும், புதிதாக எதையும் சொல்லித்தராது. ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதைத்தான் எடுப்பேன்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காசும் இல்லை, தனியாக மொபைல் ஆப்பும் தேவையில்லை. மாநிலப் பாடப் புத்தகத்தில் ஆசிரியர் உரக்கப் படிக்க, மாணவர் கேட்டு விடை எழுதுகிற மாதிரிப் பயிற்சிகள் இருக்கின்றன. போர்ஷன் முடிக்கிற அவசரத்தில் அவை வகுப்பில் நடப்பதே இல்லை. வீட்டில் படித்துக் காட்ட அக்காவுக்கு ஆங்கிலம் வராது. என் மகள் அந்தப் பத்திகளை வாட்ஸ்அப்பில் படித்து அனுப்புகிறாள், அவன் மூன்று வரியில் சுருக்கம் எழுதிப் படம் பிடித்துத் திருப்பி அனுப்புகிறான். படிக்கிறவளுக்குப் பேச்சுப் பயிற்சி, கேட்கிறவனுக்குக் குறிப்பெடுக்கும் பயிற்சி. பிபிசி ஆட்கள் அளவுக்கு உச்சரிப்பு இருக்காதுதான், ஆனால் புரியாவிட்டால் "நீ வேகமா படிச்சிட்ட, ரெண்டாவது வரியைத் திரும்பச் சொல்லு" என்று கேட்க முடிகிறதே. நேற்று ராத்திரி வந்த சுருக்கத்தில் அவன் ஒரு சொல்லைக்கூட அப்படியே எடுக்காமல் எல்லாம் சொந்தச் சொல்லாக எழுதியிருந்தான். மகள் அதைக் காட்டினாள், காட்டிவிட்டு உடனே அடுத்த பத்தியை ரெக்கார்ட் பண்ண மாடிக்குப் போய்விட்டாள்.