ஏற்றத்தில் நிற்கும் வண்டியும் டேங்க் மூடியின் துளையும்

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு, நான் ஓட்டும் அதே மாடல் டர்ட் பைக் பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலையையும் நன்றாகக் குறைத்துவிட்டார்களாம். வாங்கலாமா என்று கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. 150 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர், பிஎஸ்4 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு முந்தைய தயாரிப்பு. மற்ற விவரங்கள் இந்த வண்டியைத் தேடி அலைகிறவர்களுக்கு மனப்பாடம். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும்.

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வரை எத்தனை முறை போய்வந்தாலும் ஒரு குறையும் தெரியாது. வத்தல்மலை ஏறத் தொடங்கினால்தான் அதன் குணம் தெரியும். முதல் சில வளைவுகளில் ஜோராக ஏறும். பிறகு யாரோ ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியதுபோல இழுவை குறையும், இரண்டு குலுங்கல், அவ்வளவுதான். செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சாலையோரம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால், சிறிது நேரத்தில் எதுவும் நடக்காததுபோலக் கிளம்பும். இன்னும் கொஞ்ச தூரம் ஏறியதும் மறுபடி நிற்கும்.

இதில் எல்லோரையும் குழப்பிய ஒன்று உண்டு. டேங்க் நிறைய பெட்ரோல் போட்ட நாட்களில்தான் அதிகம் நின்றது. கேட்டவர்கள் அத்தனை பேரும் உடனே பங்க்கைக் குற்றம் சொன்னார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது, எத்தனால் கலந்ததிலிருந்தே இப்படித்தான் என்றார்கள். எத்தனால் பற்றிய கவலை பொய்யில்லை. 2025-இல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. என்னுடையதுபோன்ற பழைய வண்டிகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். டேங்க்கின் அடியில் படிந்த கசடைக் கிளப்பிவிடும். ஆனால் என் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்திலிருந்து வடித்த பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் முத்துகள் இல்லை, தனியாகப் பிரிந்த அடுக்கு இல்லை, துருத்தூள் இல்லை. பெட்ரோல் சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தது சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். பிளக்கை மாற்றினார்கள். ஏர் ஃபில்டரை மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கடைசியில் கார்புரேட்டரையே புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒருவர்கூட வண்டியை ஒரு மேட்டில் ஏற்றிப் பார்க்கவில்லை. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும்: அவர்கள் கொட்டகையில் அது நிற்கவே இல்லை. முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காமல், ஓடவிடுவார்கள். இந்த இரண்டையும் செய்த பிறகு இந்தக் கோளாறு எந்தக் கொட்டகையிலும் முகம் காட்டாது. ஏன் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் காட்டுச் சாலையில் நின்றது. யானை கடக்கும் இடம். சாயங்காலம் அங்கே காத்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. எஞ்சின் சூடு கொஞ்சம் தணிய விட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தினேன். நாலு சொட்டு வந்து நின்றுபோனது. டேங்க்கோ நிறைந்திருந்தது, பெட்ரோல் காக் திறந்திருந்தது. அப்படியானால் இடையில் எங்கோ அடைப்பு என்று குழாயை உருவினேன். அதிலும் பெட்ரோல் இறங்கவில்லை. குழாயின் முனையைப் புட்டியில் விட்டுக்கொண்டே இன்னொரு கையால் டேங்க் மூடியில் சாவியைத் திருப்பினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம். அதே நொடியில் புட்டிக்குள் பெட்ரோல் கம்பியாக ஊற்றத் தொடங்கியது.

விஷயம் இதுதான். இந்த வண்டியில் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால்தான் கார்புரேட்டருக்கு இறங்க வேண்டும். இறங்கிய அளவுக்கு மூடியில் உள்ள சிறு துளை வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தத் துளை அடைந்துவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலை மேலே பிடித்துக்கொள்ளும். டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உள்ள உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அந்த ஓட்டத்தை நிறுத்த, டேங்க்குக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட நூற்றில் இரண்டு மூன்று பங்கு குறைந்தாலே போதும். டேங்க் நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் அந்த நிலை சீக்கிரம் வந்துவிடும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகம் குடிக்கும், கிண்ணம் விரைவில் காலியாகும். காத்திருந்தால் இண்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். பங்க்கைத் திட்டியவர்களுக்கும் சர்வீஸ் சென்டருக்கும் சேர்த்து இதுதான் பதில்.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றிப் பிரித்தேன். ரப்பர் வளையத்துக்கு அடியில், காற்றுப் போகும் வழியில், செம்மண்ணும் காய்ந்த பெட்ரோல் பிசினும் சேர்ந்து கடுகளவு கட்டியாக இறுகியிருந்தது. குண்டூசி முனையால் தொட்டபோது உடைந்து பொடியானது. நம் பக்கத்துச் செம்மண் மாவு போன்றது, எங்கும் நுழையும். போதாக்குறைக்கு வாட்டர் வாஷ் கடையில் பீச்சுக்குழாயை நேராக மூடியின் மேலேயே பிடிக்கிறார்கள். தண்ணீரோடு மண்ணும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டியில், காற்றுத் துளையை மண் வந்து தங்கும் இடத்தில் வைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மோட்டோகிராஸ் வண்டிகளில் மூடியிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து ஹேண்டில்பார் பக்கமாகக் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். அதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

உங்கள் வண்டியும் இப்படி நின்றால், நின்ற இடத்திலேயே பாருங்கள். தள்ளிக்கொண்டு கடைக்குப் போன பிறகு பார்த்துப் பயனில்லை. மூடியைத் திறந்தவுடன் கிளம்பினால் சந்தேகமே வேண்டாம், மூடிதான். திறந்தும் கிளம்பவில்லை என்றால் கிண்ணத்தை வடித்துப் பாருங்கள். பெட்ரோல் தாராளமாக வந்தால் டேங்க்கையும் குழாயையும் விட்டுவிட்டு, பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் சூடேறினால் மட்டும் செயலிழந்து, ஆறியதும் சரியாவது உண்டு, அதுவும் இதே வேஷம்தான் போடும். சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்தவுடன் நின்றால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் அடைப்பு. அந்த ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது; கம்பியை விட்டுக் குத்தவிடாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் பிறகு ஐட்லிங் ஒருநாளும் சரியாக நிற்காது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கம்ப்ரசர் காற்றில் ஊதினாலே போதும். கிண்ணத்தை வடிக்கும்போது சைலன்சர் சூடாக இருக்கக் கூடாது, பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, இந்த வண்டியைப்போல எனக்குப் பிடித்த வண்டி வேறு கிடையாது. கோடையில் சின்னாற்று மணலில் இறங்கினாலும் முன்சக்கரம் புதையாமல் மிதந்து போகும். கேழ்வரகுக் காட்டு வரப்பில் இரண்டாவது கியரில் நடை வேகத்தில் ஓட்டினாலும் திணறாது. கல்லும் பள்ளமுமாகக் கிடக்கும் சித்தேரிப் பாதைகளில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தாலும் இடுப்பு வலித்ததில்லை. மூடியைச் சுத்தம் செய்த பிறகு வத்தல்மலை உச்சி வரை ஒரு தும்மல்கூட இல்லாமல் ஏறியது. அன்று மேலே மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு இடையே ஓட்டிய மகிழ்ச்சியை எந்தப் புது வண்டியும் தந்ததில்லை.

ஆனாலும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். மூடிக்கு உள்ளே உள்ள ரப்பர் தேய்ந்துவிட்டது. ரப்பர் தனியாகக் கிடைக்கவில்லை, மூடியும் தனியாகக் கிடைக்கவில்லை. சாவி, இக்னிஷன் பூட்டு, மூடி எல்லாம் சேர்ந்த முழு செட்டையும் வாங்க வேண்டும் என்கிறார்கள். அதையும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். கடுகளவு மண்ணுக்காக இவ்வளவு பாடு படப் பொறுமை இருக்கிறவர்கள் குறைவு. மாம்பழக் காலத்தில் தோப்பு வேலையோடு சேர்த்து இதையும் பார்க்க நண்பருக்கு நேரம் இருக்காது.

மீறி வாங்குவதானால், விற்பவர் சமதளத்தில் ஓட்டிக் காட்டுவதை வைத்து விலை பேச வேண்டாம். உங்கள் செலவில் டேங்க்கை விளிம்பு வரை நிரப்புங்கள். மூடியைப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ள முடியாது, வண்டிக்கு அதே சாவிதான். ஆகவே வழியில் யாரும் மூடியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டு, மலை உச்சி வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள்.