"அட்ஜஸ்ட் பண்ணா சரியாயிடும் சார்" என்று சொன்னால் உஷாராகிவிடுங்கள்

கோயம்புத்தூரில் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஷெட் போட்டு, லீவு நாளில் ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) தீவனத் தொட்டி, ஸ்விட்ச் பெட்டி என்று எதையாவது செய்துகொண்டிருக்கும் ஆள் நான். கைக் கத்தரியால் வெட்டி வெட்டிக் கட்டைவிரல் மரத்துப்போனதால் போன மாதம் ஆன்லைனில் தகடு வெட்டும் எட்டு இஞ்ச் கை ஷியரிங் மெஷின் ஒன்று வாங்கினேன். 4,600 ரூபாய். "6 மி.மீ. இரும்பு வரை வெட்டும், டெம்பர் ஏற்றிய பிளேடு" (அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கியது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடையில் இதே அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வந்த அன்றே 22 கேஜ் தகட்டைக் கொடுத்துப் பார்த்தேன், கனம் வெறும் 0.7 மி.மீ.தான். வெட்டவில்லை, சப்பாத்தியை மடித்த மாதிரி இரண்டு பிளேடுக்கும் நடுவில் மடிந்து சிக்கிக்கொண்டது. மேல் பிளேடும் கீழ் பிளேடும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போனால்தான் தகடு அறும். இடைவெளி தகட்டுக் கனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது இதற்கு 0.07 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டால், மேல் பிளேடு திரும்பும் அச்சு போல்ட் பக்கம் 0.15, நுனியில் 0.6!

விற்றவருக்கு வீடியோ அனுப்பினேன். "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார், பட்ஜெட் மாடல், நீங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்றார். நானும் சவாலாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அங்கேதான் கோட்டை விட்டேன்.

அச்சு போல்ட்டை இறுக்கினால் இடைவெளி குறைகிறது, ஆனால் கைப்பிடி அசையவே மாட்டேன் என்கிறது. தளர்த்தினால் பழைய கதை. கீழ் பிளேடைக் கழற்றிப் பார்த்தால் அது உட்காரும் வார்ப்பில் மட்டம் என்பதே இல்லை, மேடும் பள்ளமுமாக இருந்ததை பட்டி பூசிப் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். சுரண்டி, அரம் போட்டு, கூல் டிரிங்க்ஸ் டின்னை வெட்டி (ஒரு ஏடு சுமார் 0.1 மி.மீ. வரும்) நுனிப்பக்கம் நாலு ஏடு ஷிம்மாக, அதாவது அடியில் முட்டுக் கொடுக்கும் மெல்லிய துண்டாக, கொடுத்தேன். கடைசியில் நியூஸ்பேப்பர் முழு நீளத்துக்கும் சுத்தமாக வெட்டுப்பட்டது, 22 கேஜும் பிசிறில்லாமல் வந்தது. அன்று ராத்திரி எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே!

மறுநாள் பத்து வெட்டுக்குள் போல்ட் தானாகத் தளர்ந்து கைப்பிடி பொத்தென்று விழுந்தது. போல்ட்டைத் தளராமல் பிடிக்கும் லாக் நட்டே கிடையாது. இடது கை அந்த நேரம் தகட்டில் இல்லை, அவ்வளவுதான். லாக் நட் ஒன்று வாங்கிப் போட்டு 2 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பட்டையைக் கொடுத்தேன். பட்டை அறுந்தது, கூடவே பிளேடில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். தெருமுனை லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடு ஓரத்தில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்தார், சோப்பு மாதிரி சீவிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, இதுல டெம்பரே இல்லீங்களே!" டெம்பர் ஏற்றிய பிளேடில் அரம் வழுக்கிக்கொண்டுதான் போகும், கடிக்காது.

அதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. ரிட்டர்ன் ஏழு நாள்தான். அதோடு "கழற்றி, அரம் போட்டு, நீங்களே மாத்திட்டீங்க சார், எடுக்க முடியாது" என்று விற்றவரிடமிருந்து பதில். அவர் சொல்லித்தான் கழற்றினேன், ஆனால் அதைச் சொன்னது போனில், எழுத்தில் இல்லை.

வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பேப்பரை வெட்டிப் பாருங்கள், பிளேடின் வெட்டாத ஓரத்தில் அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள், இரண்டில் ஒன்று தேறாவிட்டால் எதையும் கழற்றாமல் அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள். ஷிம், போல்ட் எல்லாம் நம்மால் முடியும்தான், எஃகே தரமில்லாமல் இருந்தால் என்ன அட்ஜஸ்ட் செய்வது? 6 மி.மீ. என்ற எண்ணையும் நம்பாதீர்கள், அது மெல்லிய பட்டைக்கா அகலத் தகட்டுக்கா என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், பதிவு எண் வந்திருக்கிறது. புது பிளேடு செய்ய லேத் அண்ணன் 1,800 கேட்கிறார். அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, விலையை மட்டும் 200 ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.