மலைக்கும் ஓர் அளவு உண்டு: நீலகிரி இ-பாஸ் சேவை

காரில் உதகைக்கோ குன்னூருக்கோ போகிறவர் இன்று இணையத்தில் இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். ஒன்று, அறை பிடித்துத் தரும் தனியார் செயலி. மற்றொன்று, வண்டியுடன் மலையேற இணையவழி அனுமதிச்சீட்டு தரும் தமிழக அரசின் இ-பாஸ் தளம். 2025 மே மாதத்தில் குடும்பத்துடன் குன்னூரில் தங்கியபோது இரண்டையும் பயன்படுத்தினேன். மலையின் மீது அக்கறையுடன் கட்டப்பட்டிருப்பது இரண்டாவதுதான் என்பது என் முடிவு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் 2024 மே 7 முதல் கட்டாயமானது. கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருவதாகவும் அவற்றில் சுமார் 11,500 கார்கள் என்றும் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டிருந்தது. முதல் ஆண்டில் விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பு வந்த பிறகுதான் இது வெறும் பதிவேடாக இல்லாமல் ஒரு கட்டுப்பாடாக மாறியது.

பயன்படுத்துவது எளிது. கைப்பேசியில் வந்த எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள் ஆகியவற்றை நிரப்பினேன். சில நிமிடங்களில் கியூஆர் குறியீட்டுடன் பாஸ் வந்துவிட்டது. கட்டணம் இல்லை. கல்லாறு சோதனைச்சாவடியில் ஊழியர் தம் கைப்பேசியை என் திரைமேல் ஒரு கணம் காட்டிவிட்டு, வண்டிக்குள் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினார். அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதை இத்திட்டத்தின் மிக நியாயமான பகுதியாகக் கருதுகிறேன். கார் வைத்திருக்காதவருக்கு மலை மூடப்படவில்லை.

அறை பிடித்த செயலியில் இந்த அக்கறையின் சாயலைக்கூடக் காணவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. "ஒரே ஓர் அறைதான் மீதம்" என்று அவசரப்படுத்திய அந்தத் திரையில் இ-பாஸ் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு மலையேற அனுமதி கிடைக்குமா என்பது தெரியும் முன்பே முழுப் பணமும் எடுத்துக்கொள்ளப்பட்டது. நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளரம்மா காலையில் காபி கொடுத்தபடியே சொன்னார்: "நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய் அவங்களுக்குப் போயிடுதுங்க. நேரா போன் பண்ணி வர்றவங்களுக்குக் கொறச்சுக் கொடுக்கலாம்னா, அதுவும் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க." இத்தகைய விலை நிபந்தனைகள் புதியவை அல்ல. இவை உள்ளிட்ட காரணங்களுக்காக 2022 அக்டோபரில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் முன்பதிவு நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 392 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இருந்தும், நான்கு அறைகளை வைத்துக்கொண்டு பிழைக்கும் ஒரு வீட்டாருக்கு அந்த உத்தரவின் பலன் இன்னும் எட்டவில்லை என்பதைக் கேட்டபோது மனம் வருந்தியது.

இ-பாஸிலும் திருத்த வேண்டியவை உண்டு. உச்சவரம்பு வாகனங்களை எண்ணுகிறது, மனிதர்களை எண்ணவில்லை. இருவர் வரும் காரும் பன்னிருவர் வரும் வேனும் கணக்கில் ஒன்றே. தண்ணீரும் குப்பையும் ஆள் கணக்கில்தான் கூடுகின்றன என்பதால், நிறைய பேரை ஏற்றிவரும் வண்டிக்கு முன்னுரிமை தருவதே பொருத்தம். உச்சவரம்பை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். சீசன் வருமானத்தை நம்பி ஆண்டு முழுவதும் வாழும் சிறு கடைக்காரர், வாடகை வண்டி ஓட்டுநர் ஆகியோரின் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. மலையின் தாங்குதிறனைக் கணக்கிடும் பணி ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூரிடமும் ஒப்படைக்கப்பட்டது. நிரந்தர எண்ணிக்கையை அந்த ஆய்வே தீர்மானிக்க வேண்டும். அதோடு, அறை விற்கும் செயலிகள் இ-பாஸ் தளத்துடன் இணைக்கப்பட்டு, இடம் நிரம்பிய நாளில் முன்பதிவை ஏற்காதபடி கட்டாயப்படுத்தப்பட வேண்டும். இப்போது கட்டுப்பாட்டின் சுமை பயணியின் மீதும் உள்ளூர்க்காரர் மீதும் மட்டுமே விழுகிறது. தரகு வாங்குகிறவருக்கு அதில் பங்கே இல்லை.

இ-பாஸ் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். சீசனில் போகிறவர்கள் தங்குமிடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பாஸை எடுத்துவிடுங்கள். கூடுமானால் மேட்டுப்பாளையத்திலேயே காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள்.