மூட்டுத் தேய்மான மாத்திரைகள்: குருத்தெலும்புக்கு எது பகை?

மூட்டு வலிக்கு மாத்திரை எடுப்பவர்கள் வயிற்றுப் புண் வருமா, கிட்னி கெடுமா என்று கேட்பார்கள். தேய்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்பையே அந்த மாத்திரை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதில் செல்கள் நூற்றில் சில பங்குதான். அந்தச் சிலவேதான் கொலாஜனையும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கானையும் கட்டித் தர வேண்டும். மாத்திரை அந்தச் செல்களை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. முட்டி மாற்று அறுவையில் எடுத்த குருத்தெலும்பைத் துண்டுகளாக நறுக்கி ஊட்டக் கரைசலில் போடுவார்கள்; கதிரியக்கக் கந்தகம் கொண்ட சல்ஃபேட்டைக் கலப்பார்கள். புரோட்டியோகிளைக்கான் கட்டும் செல் அந்தக் கந்தகத்தையும் சேர்த்தே கட்டும். துண்டில் கதிரியக்கம் எவ்வளவு ஏறியது என்று அளந்தால் செல் எவ்வளவு உழைத்தது என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் இண்டோமெதாசின் என்ற வலி மாத்திரை செல்லின் வேலையை மட்டுப்படுத்தியது. நோயாளிகளிடமும் அதே கதைதான். 1995இல் வெளியான ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 812 பேர் இருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இண்டோமெதாசின் எடுத்தவர்களில் ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேருக்கு எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைந்திருந்தது; குருத்தெலும்பு தேய்ந்ததற்கு அது அடையாளம். அந்தப் பிரிவையே பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. நீண்ட நாள் எடுப்பதற்கு என் பட்டியலில் இதற்கு இடமில்லை.

அசெக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மாத்திரை நேர் எதிர். சோதனைத் தட்டில் செல்லின் கட்டுமானம் கூடுகிறது. ஆனால் உடலுக்குள் போனதும் அதில் ஒரு சிறு பங்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தாக மாறுகிறது. அந்த டைக்ளோஃபெனாக்கை நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு இடுப்பிலும் முட்டியிலும் தேய்மானம் வேகமாகக் கூடியதை ராட்டர்டாமில் ஒரு பெரிய மக்கள்தொகை ஆய்வு பதிவு செய்திருக்கிறது. மாத்திரையால் தேய்ந்ததா, அதிகம் தேய்ந்தவர்கள் அதிகம் மாத்திரை போட்டார்களா என்பதை இந்த வகை ஆய்வால் முழுசாகப் பிரித்துச் சொல்ல முடியாது. வலி தெரியாததால் மூட்டின் மேல் கூடுதல் பாரம் ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு.

செலிகாக்சிப் என்ற வலி மாத்திரையின் கதை கொஞ்சம் சுவாரசியமானது. தேய்ந்த குருத்தெலும்பில் வீக்கத்தோடு பிராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகி, செல்லின் உழைப்பைக் குலைக்கிறது. அதைச் சுரக்கவைக்கும் காக்ஸ்-2 நொதியை இந்த மருந்து குறிவைக்கிறது. தட்டில் புரோட்டியோகிளைக்கான் உற்பத்தி மீள்கிறது. ஆனால் மனிதர்களிடம் தேய்மானத்தை நிறுத்தியதாக உறுதியான சான்று இல்லை. அதனால் ‘குருத்தெலும்பைக் காக்கும் மாத்திரை’ என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அசெக்ளோஃபெனாக்கா செலிகாக்சிப்பா என்ற கேள்விக்கு வயிறு, இதயம், சிறுநீரகம் மூன்றையும் வைத்து டாக்டர் முடிவு செய்வதே சரி.

மாத்திரையே வேண்டாம், ஊசி போட்டுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு 2017இல் வந்த ஓர் ஆய்வு: முட்டியில் 12 வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் 2 ஆண்டில் 0.21 மி.மீ. குருத்தெலும்பை இழந்தார்கள், உப்புநீர் ஊசி போட்டவர்கள் 0.10 மி.மீ. வலியில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.